குதிரைக்காரனின் கட்டைவிரல்

என் மேஜைமேல் ஒரு மரக்குதிரை நிற்கிறது. ஒரு சாண் உயரம். மேலே ஒரு வீரன். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, இவன் கால் கட்டைவிரலில் என்ன வளையம் என்று கேட்பார்கள். நான் காப்பி சாப்பிடுகிறீர்களா என்று பேச்சை மாற்றிவிடுவேன். இத்தனை வருஷம் இப்படியே ஓட்டியாயிற்று. இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

முப்பதுகளில் நான் சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தேன். பையன்களுக்கு மாம்பழமும் மண்குடமும் வரையச் சொல்லிக்கொடுப்பது உத்தியோகம். மனசுக்குள் இருந்த நினைப்பு மட்டும் ரொம்பப் பெரிது. ஒரு நாள் தலைமையாசிரியர் சீமையிலிருந்து யாரோ அனுப்பிய அட்டைப்பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே ஈயத்தில் வார்த்த பன்னிரண்டு குதிரை வீரர்கள். அறுநூறு எழுநூறு வருஷத்துக்கு முந்தைய வெள்ளைக்கார வீரர்களாம். தலையிலிருந்து கால்வரை இரும்புக் கவசம், கையில் ஈட்டி. இரும்புச் செருப்பு போட்ட கால்கள், சேணத்திலிருந்து தொங்கும் மிதிவளையமான அங்கவடிக்குள் கச்சிதமாக நுழைந்திருந்தன. அதே காலத்தில் நம் பக்கத்துக் குதிரை வீரன் எப்படி இருந்தான் என்று நம்மில் ஒருத்தருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது என்றார் அவர். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த கைத்தொழில் கண்காட்சிக்குள் நம்மவர் பன்னிரண்டு பேரைச் செய்து காட்டுகிறேன் என்று எல்லா வாத்தியார்களும் கேட்கச் சவடால் அடித்துவிட்டேன்.

மரத்துக்குக் கஷ்டம் இல்லை. கல்யாண முருங்கை எங்கும் கிடைக்கும். பேனாக்கத்திக்கே வளைந்து கொடுக்கும். கஷ்டமெல்லாம் ஆளைப் பற்றியதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். தாரமங்கலத்துக் கோயில் தூண்களில் பாய்கிற குதிரைகளை நாள் முழுக்க வரைந்தேன். ஆனால் அந்த வேலைப்பாடு எனக்கு வேண்டிய காலத்துக்குப் பிந்தியது. ஏரிக்கரைகளில் நின்ற நடுகற்களைத் தேடித் தேடிப் பார்த்ததில் தலைக்கட்டு, கச்சை, வாள் எல்லாம் பிடிபட்டுவிட்டன. கால்தான் பிடிபடவில்லை. மழையிலும் மண்ணிலும் கால் பக்கமே எல்லாக் கல்லிலும் கரைந்து போயிருந்தது. அங்கவடி போடுவதா, காலைத் தொங்கவிடுவதா? யாரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் அந்த ஈயக்காரர்களின் கால் என்னைத் தூங்கவிடவில்லை.

அப்போதுதான் அக்கா வீட்டுக் கல் ஞாபகத்துக்கு வந்தது. பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் கொடுத்திருந்த என் அக்கா அந்த வீட்டுக்கு மூத்த மருமகள். அவர்களுடைய வெற்றிலைக் கொடிக்காலின் மேற்கு மூலையில், ஓலைக் கூரைக்குக் கீழே ஒரு நடுகல். குதிரை அப்பாரு என்பார்கள். எங்கள் பக்கம் தாத்தாவை அப்பாரு என்றுதான் கூப்பிடுவது. அமாவாசைதோறும் மூத்த மருமகள் தன் கையால் அவருக்கு விளக்கெண்ணெய் பூசி விளக்கு வைப்பாள். ஆனால் சொட்டுத் தண்ணீர் அவர்மேல் படக்கூடாது. ஊர் மாட்டை மீட்கப் போனவர் இன்னும் வழியிலேதான் இருக்கிறார், அவர் உடம்பில் இருப்பது வழிப்புழுதி, அதைக் கழுவினால் வீடு வந்துவிட்டதாக நினைத்துக் குதிரையை விட்டு இறங்கிவிடுவார், அப்புறம் தோட்டங்காட்டுக்குக் காவல் இல்லை. இது அந்த வீட்டின் நம்பிக்கை. அதனால் தலைமுறை தலைமுறையாகப் பூசிய எண்ணெயும் புழுதியும் சேர்ந்து இரண்டு விரல் கனத்துக்குக் கருப்பாக அப்பியிருந்தது. அந்தக் கருப்புக்குள் ஒரு கால் முழுசாக இருக்கும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

லீவுக்குப் போனேன். மூன்றாம் நாள் வீட்டிலிருந்தவர்கள் எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குக் கரூர் போய்விட்டார்கள். அக்கா மட்டும் எனக்குச் சோறு போடுவதற்காக நின்றுகொண்டாள். எண்ணெய் தேய்த்துக் கிணற்றடியில் குளிக்கப் போகிறேன் என்று சொல்லி, அவளிடம் விளக்கெண்ணெயும் சுடுதண்ணீரும் அரப்புத் தூளும் வாங்கிக்கொண்டேன். தலையில் தேய்த்த எண்ணெயை எடுக்கிற அரப்பு, கல்லில் தேய்த்த எண்ணெயையும் எடுத்தது. பாதம் மட்டும் பார்த்தால் போதும் என்றுதான் ஆரம்பித்தேன். பேனாக்கத்தியால் நெம்பினால் கருப்பு பாளம் பாளமாக வந்தது. கை நிற்கவில்லை. முழங்கால், குதிரை வயிறு, சேணம் எல்லாம் வெளியே வந்தன.

பாதத்தைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. செருப்பு இல்லாத வெறுங்கால். அங்கவடியும் இல்லை. சேணத்திலிருந்து ஒரு கயிறு இறங்கி, நுனியில் சின்ன வளையமாக முடிந்திருந்தது. அந்த வளையத்துக்குள் வீரன் கால் கட்டைவிரலை மட்டும் மாட்டியிருந்தான். சந்தோஷத்தில் நான் அந்தக் கல்லுக்கு முன்னால் தனியாகச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் செய்திருப்பது என்ன என்று உறைத்தது. மிச்சமிருந்த எண்ணெயை அள்ளிப் பூசினேன். புதுக் கல் நனைந்து பளபளத்ததே தவிர கருக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் பள்ளிக்கூடத்தில் வேலை இருக்கிறதென்று பொய் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

அடுத்த மாதம் சேலத்துக்கு வந்த மச்சான், அக்காவின் புருஷன், விஷயத்தைச் சொன்னார். முதலில் பார்த்தது அவருடைய அப்பாதானாம். வேறு யார் கண்ணிலும் படாமல் தன் வேட்டியை அவிழ்த்துக் கல்லைச் சுற்றிக் கட்டிவிட்டு, துண்டோடு வீட்டுக்கு வந்திருக்கிறார். கல்லின் இடுக்குகளில் பச்சையாக அரப்பு. அரப்பு டப்பா இருப்பது அக்காவின் அடுப்படியில். அன்றைக்கு வீட்டில் இருந்தவளும் அவள். சுத்தம் பார்க்கிறேன் என்று தேய்த்துவிட்டாயா என்று கேட்டதற்கு, எனக்குத் தெரியாதுங்க என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு நின்றாளாம். வந்து போன வாத்தியாரைச் சந்தேகிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. படித்தவன், பெண் கொடுத்த வீட்டுப் பிள்ளை. அந்தச் சமயம் பார்த்துக் கொடிக்காலில் வாடல் விழுந்தது. கொடிக்கால் வைத்தவர்களுக்கு வாடல் புதிதல்ல. ஆனால் அப்பாரு இறங்கிவிட்டார் என்று பேச்சாகிவிட்டது. எண்ணெய்க் கிண்ணம் சின்ன மருமகள் கைக்குப் போயிற்று. அதுவும் வேட்டிக் கட்டுக்கு மேலேயேதான் பூச வேண்டும் என்று மாமனாரின் உத்தரவு. அமாவாசையன்று அக்கா கொல்லைப்புறமாகப் போய்வர வேண்டும், பொங்கல் வைக்கும்போது எட்டி நிற்க வேண்டும்.

மச்சான் சொல்லி முடிக்கும்வரை நான் "அடடா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து நான்தான் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? என் அறையில் ஆறு குதிரைகள் முடிந்து, ஆறு பாதி செதுக்கிய நிலையில் இருந்தன. கண்காட்சி முடியட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வெட்கங்கெட்டவன்.

கண்காட்சியில் எனக்குத்தான் முதல் பரிசு. தலைமையாசிரியர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கட்டைவிரல் வளையத்தை எல்லாரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள். அதற்கப்புறமும் நான் சொல்லவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று போய்விட்டது. மூன்றாம் வருஷம் என் மண்டைக் கனம் என்னை ஒரு காரியம் செய்ய வைத்தது. பன்னிரண்டில் சிறந்த குதிரையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். உங்கள் அப்பாருவை மனசில் வைத்துச் செய்தது என்று சொல்லி மாமனாரிடம் கொடுத்தால் கிழவருக்கு மனசு குளிரும், அக்காமேல் உள்ள கோபமும் தணியும் என்று ஒரு கணக்கு. கல்லின் கால் வெளியே தெரிந்ததை யார் அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கப் போகிறார்கள் என்றும் நினைத்தேன்.

அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலைக் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். குதிரையைக் கையில் வாங்கி, தலைக்கட்டைப் பார்த்தார், வாளைப் பார்த்தார், நல்லாருக்குதுங்க என்றார். அப்புறம் வெளிச்சத்துக்குத் திருப்பினார். அவருடைய விரல் நகம் வீரனின் பாதத்தில் போய் நின்றது. வெகுநேரம் அங்கேயே நின்றது.

"ஏனுங்க தம்பி, இந்த வெரல்ல வளையம் மாட்டியிருக்கறத நீங்க எங்க பாத்தீங்க?"

சத்தம் போடவில்லை, முகம்கூட மாறவில்லை. வேட்டி கட்டிய அன்றைக்கு அந்தப் பாதத்தைப் பார்த்த ஒரே மனுஷர் அவர் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. தாரமங்கலத்துத் தூணில் என்று சொல்ல வாயெடுத்தேன். செம்பில் தண்ணீரோடு வந்த அக்கா கதவோரம் நின்றிருந்தாள்.

"நாந்தானுங்க மாமா தம்பிக்குச் சொன்னேன். அன்னைக்குக் கழுவறப்பப் பாத்தனுங்க."

மூன்று வருஷமாக இல்லை, தெரியாது என்று சொல்லிவந்தவள், செய்யாததைச் செய்தேன் என்று மாமனார் முகத்துக்கு நேராக ஒப்புக்கொண்டாள். கிழவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பேன் என்று காத்திருந்தார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அக்கா செம்பை நீட்டினாள். நான் அதை வாங்கி அண்ணாந்து குடித்தேன். குடித்து முடித்தபோது அவர் குதிரையைக் கட்டிலில் வைத்துவிட்டு மறுபடி வெற்றிலையை எடுத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலமே கிளம்பிவிட்டேன். அக்கா ஒரு துணியில் குதிரையைச் சுற்றி எடுத்துக்கொண்டு ரோடு வரைக்கும் கூட வந்தாள். பஸ் தூரத்தில் தெரிந்ததும் அதை என் பைக்குள் வைத்தாள்.

"இத எடுத்துட்டுப் போயிரு சாமி. இந்த ஊட்டுல இருக்க வேண்டாம்."

அக்கா, உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். நான் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

"அன்னைக்கே தெரியும். அத்தன அரப்பு வாங்கிட்டுப் போனவன், சோறு திங்க வந்தப்பத் தல காஞ்சு கெடந்துச்சு."

பஸ் வந்து நின்றது. பார்த்துப் போ என்றாள். நான் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.