நார்மல் என்று வந்த டெஸ்ட்

அட்டையில் செய்த அந்தச் சின்னக் குழலை நினைத்தாலே இன்றும் எனக்குக் குமட்டுகிறது. நுனியில் எச்சில் ஊறிப்போன குழல். எச்சிலை நினைத்துக் குமட்டினால்கூடப் பரவாயில்லை.

கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் நுரையீரல் பரிசோதனை எடுக்கும் டெக்னீஷியன் அம்மாதான் அதை என் மகள் கையில் கொடுத்தார். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. எட்டு மாதமாக விடாத இருமல்; அதற்கு வீசிங் சிரப் குடித்துக்கொண்டிருந்தாள். முதலில் அதில் ஒருமுறை ஊதவைத்து மூச்சின் வேகத்தை அளப்பார்கள். பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை உறிஞ்சவைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி அளப்பார்கள். இரண்டாவது அளவு நன்றாக ஏறினால் ஆஸ்துமா. அந்தச் சிரப்பும் மூச்சுக்குழாயை விரிக்கும்; முன்பே குடித்திருந்தால் முதல் அளவே ஏறிவிடும், வித்தியாசம் தெரியாது. அதனால்தான் முந்தின நாளே, "வீசிங் சிரப்ப இன்னிக்கி ராத்திரிலேர்ந்து குடுக்காதீங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

நான் கொடுத்தேன். காலை ஆறு மணிக்கு, ஒரு மூடி நிறைய. "பொட்டப்புள்ளைக்கு ஆஸ்துமான்னு எழுதிக் குடுத்துட்டா நாளைக்கி எவன்டா கட்டுவான்?" என்று உப்பளம் பகுதியிலிருந்து வந்திருந்த என் அக்கா கேட்டது காதிலேயே நின்றது. ஆனால் அக்காவா மூடியில் ஊற்றினாள்? டெஸ்ட் என்றால் பாஸாக வேண்டும் என்று நினைத்த மண்டை என்னுடையது. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். காப்பி அடிக்கும் பிள்ளைகளை வெளியே நிற்கவைக்கிறவன்.

"ஊது, ஊது, விடாத! உள்ள இன்னும் வச்சிருக்க, கஞ்சத்தனம் பண்ணாத!" என்று டெக்னீஷியன் அம்மா கத்த, மகள் சிரித்துக்கொண்டே ஊதினாள். இரண்டு அளவும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சார், காலைல மருந்து எதனா குடுத்தீங்களா?"

"இல்லைங்க."

"நீ சொல்லு பாப்பா."

மகள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "குடிக்கல" என்றாள்.

நார்மல் என்று எழுதினார்கள். ஆஸ்துமா போலத் தெரியவில்லை, கொஞ்ச நாள் பார்ப்போம் என்றார் டாக்டர். திரும்பும் வழியில் நான் ஜாங்கிரி வாங்கினேன். வெட்கமில்லாமல் அதைத் தின்றேன்.

மூன்றாவது வாரம் பள்ளியில் மூச்சு முட்டி விழுந்தாள். ஆட்டோவில் என் மடியில் உதடு நீலமாகக் கிடந்தாள். விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே போய்ப் போய் வந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சொல்ல மூச்சு இல்லை.

பிழைத்தாள். உடம்பு தேறியதும் மறுபடி அதே அறை.

"அன்னிக்கி குடுத்தீங்க, இல்ல?" என்றார் டெக்னீஷியன் அம்மா.

"ஆமாங்க."

"டெஸ்ட்டு புள்ளைக்குத்தான் சார், உங்களுக்கில்ல. வெளிய நில்லுங்க."

நின்றேன். இந்த முறை இரண்டாவது அளவு எகிறியது. ஆஸ்துமா. தினமும் உறிஞ்சும் மருந்து எழுதினார்கள்.

இப்போது மகளுக்குப் பதினொன்று. மூச்சு வாங்காமல் ஓடுகிறாள். ஆனால் டாக்டர் எதைக் கேட்டாலும், ராத்திரி நன்றாகத் தூங்கினாயா என்று கேட்டால்கூட, முதலில் என் முகத்தைப் பார்க்கிறாள். அப்புறம்தான் பதில் சொல்கிறாள். டாக்டர் வாயைத் திறந்ததுமே நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். அப்போதும் அவள் காத்திருக்கிறாள்.