டெல்வினின் ஓரக்கண்

எதிரே வண்டி வரும் இரைச்சல் கேட்டால் போதும், டெல்வினின் ஆட்காட்டி விரல் முழங்காலை விட்டு எழும்பிவிடும். இந்தப் பக்கத்து மண்சாலைகளில் எதிர்ப்படுகிறவருக்கு ஸ்டீயரிங்கில் இருந்தபடி ஒரு விரல் தூக்குவதுதான் வணக்கம். இப்போது ஸ்டீயரிங் மனைவி வெர்லாவின் கையில். அவளோ அதை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"விரலத் தூக்கினியா?"

"உயிரக் கையில புடிச்சுக்கிட்டு ஓட்டுறேன். இதுல விரல் வேறயா?"

மரியாதை கெட்டவர்கள் என்று ஊர் பேசும் என முணுமுணுத்தபடி, அவளுக்கும் சேர்த்து இன்னொரு முறை தூக்கினார்.

பள்ளிப் பேருந்து ஓட்டிய மனிதர். பனி உருகியதும் பிக்கப் வண்டியின் முதுகில் படுத்துறங்கும் கூண்டை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், யூட்டாவின் செம்பாறை வளைவுகள், நெவாடாவின் உப்புவெளி என்று ஒரு பூங்கா விடாமல் சுற்றிவிட்டு, கடைசியில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் டோரோவீப் முனைக்கு வந்து நிற்பார். டேங்க் பாதியானால் அவர் கணக்கில் காலி. காப்பி ஃபிளாஸ்கை யாரையும் தொட விடமாட்டார். பூங்காவில் எவனாவது கூழாங்கல்லைப் பைக்குள் போட்டால், "அந்தக் கல்லு உங்கூட வர்றேன்னு சொல்லுச்சா?" என்று கேட்டு, அதை எடுத்த இடத்திலேயே வைக்கச் செய்துவிட்டுத்தான் நகர்வார்.

போன வருடம் பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. நேராகப் பார்ப்பதெல்லாம் வெறும் புகை. விளிம்பில் விழுவது மட்டும்தான் தெரியும். அதனால் அடுக்களையில் நிற்கும் வெர்லாவைப் பார்க்க வேண்டுமென்றால் குளிர்பதனப் பெட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில், நாலு பேர் நடுவில், "பேசுறப்ப எம்மூஞ்சியப் பாத்துப் பேசுங்க" என்று அவள் வெடுக்கென்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மனிதர் ஒழுங்காக அவள் முகத்துக்கு நேராகப் பார்த்துத்தான் பேசுகிறார். அப்படியென்றால் அன்றிலிருந்து அவர் அவளைப் பார்க்கவே இல்லை. பாவி மகள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். பழையபடி பாருங்கள் என்று கேட்க நா எழவில்லை. ஆனால் அந்தப் பார்வைக்கு அவள் ஏங்கித்தான் போயிருந்தாள்.

டோரோவீப் போகும் வழியில், பூங்கா எல்லை தாண்டியதும் மண் முடிந்து பாறைப் பாதை தொடங்கியது. வெர்லா வண்டியை நிறுத்திவிட்டாள். டயர் கிழிந்தால் கேட்க நாதியில்லை, திரும்பிவிடலாம் என்றாள். டெல்வின் இறங்கி, தடவித் தடவிப் போய் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் மண்டியிட்டார். பாறைக்கு டயர் தளர்ந்திருக்க வேண்டும். சீறும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுக் காற்றை இறக்கினார். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அடுத்த வருஷம் ஓரமும் இருக்குமோ என்னமோ, வெர்லா. டாக்டர் வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு. ஒரே ஒரு தடவ பாத்துக்கிறேன்."

அவள் கியரைப் போட்டாள்.

முனையில் காற்று ஆளைத் தள்ளியது. கீழே, செங்குத்தான பாறைச் சுவர்களின் அடியில், கொலராடோ ஆறு ஒரு நூலாகக் கிடந்தது. அவர் தோளைப் பிடித்து, விளிம்புக்குச் சற்றுத் தள்ளி ஒரு பாறையில் உட்கார வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள். பள்ளத்தாக்கு ஓரக்கண்ணில் விழ வேண்டுமானால் எந்தப் பக்கம் முகம் திருப்ப வேண்டும் என்று வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள்.

"எம்பக்கம் திரும்புங்க. அப்பத்தான் ஆறு தெரியும்."

திரும்பினார். நெடுநேரம் அவள் முகத்துக்கு நேராக இருந்தபடி ஆற்றைப் பார்த்தார். கண் நிறைந்து வழிந்தது. அவளும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போதும், கிளம்பலாமா என்று கேட்க வாயெடுத்தபோது, அவர் மெல்ல முகத்தைத் திருப்பிப் பள்ளத்தாக்குக்கு நேராக வைத்துக்கொண்டார்.

"ஐயோ, அப்படி நேராப் பாத்தா ஒண்ணும் தெரியாதே உங்களுக்கு."

"தெரியுது," என்றார், முகத்தைத் திருப்பாமலே. "பேசாம உக்காரு."

வெர்லா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள். புழுதி படிந்த நரைமுடியை இரண்டு கையாலும் ஒதுக்கிச் சரிசெய்துகொண்டாள்.