கூப்பிட்டால் பதில் சொல்லும் கருவி

தண்ணீருக்கடியில் கிடக்கும் கருவியைக் கரையிலிருந்து கூப்பிட்டுப் பேசவைப்பது என் தொழில். பெண் பார்க்கப் போன இடத்தில் இதை விளக்கி முடிப்பதற்குள் இரண்டு சம்பந்தம் கைநழுவிப் போனது. ரேடியோ அலை தண்ணீரில் கொஞ்ச தூரத்திலேயே செத்துவிடும். சத்தம் போகும். அதனால் நீர்த்தேக்கத்தின் அடியில் சேற்றையும் குளிரையும் அளக்கும் கருவிகளுக்கு, சத்தத்தாலேயே பேசும் மோடம் செய்கிறோம். பேட்டரி மாற்ற அடிக்கடி மேலே இழுத்துக்கொண்டிருக்க முடியாது என்பதால் மின்சாரத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் செலவழிக்க வேண்டும். யாருக்கும் புரியாத வேலை செய்து பிழைக்கும் சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

தூங்குமூஞ்சி

மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஒரே வழி, மோடம் எந்நேரமும் தூங்குவதுதான். அதற்குரிய சத்தத்தை நாம் அனுப்பினால் விழித்து, அளந்ததைச் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடும். அந்தத் தூக்கத்தைக் கற்றுக்கொடுக்க நுவரெலியாவில் எங்கள் பட்டறையில் நான் தூங்காமல் கிடந்தது தனிக்கதை.

ஹட்டன் பக்கத்து நீர்த்தேக்கம் ஒன்றில் இறக்கப் போனபோது, கரையோரத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்களை மேற்பார்க்கும் கண்டாக்கையா வந்து நின்றார். இது என்ன, எதற்கு என்று கேட்டார். ஆள் கிடைத்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் பெருமையோடு ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க ஆளுங்க மலையில கண்ணசந்தா அரை நாள் பேருதான் போடுவேன், பாதிச் சம்பளந்தான். நீங்க தூங்குறதுக்குன்னே ஒன்னு செஞ்சு கொண்டாந்திருக்கீங்களே!"

எலுமிச்சம்பழம்

கணேசண்ணன் அங்கே படகோட்டி. அக்கரையில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும், கொழுந்தெடுக்கும் பெண்களை இக்கரை மலைக்கும் கொண்டுவந்து விடுகிறவர். கருவிகளை இறக்கவும் அவர் படகுதான். முதல் கருவி இறங்கியதிலிருந்து எத்தனை தடவை கூப்பிட்டும் மூச்சே இல்லை. சர்க்யூட்டைச் சந்தேகப்பட்டேன். பிறகு என் படிப்பையே சந்தேகப்பட்டேன். கடைசியில் கயிற்றை இழுத்து மேலே எடுத்தால், சத்தம் வாங்கும் முகத்தை மூடி, சிவப்புத் துணியில் எலுமிச்சம்பழம் முடிந்து கட்டியிருக்கிறது. துணி மடிப்பெல்லாம் காற்று. தண்ணீருக்குள் வரும் சத்தத்துக்குக் காற்று சுவர் மாதிரி.

"என்னண்ணே இது!" என்று கத்தியே விட்டேன். அவர் கோபப்படவில்லை. முடிச்சை அவிழ்த்து, கருவியின் பின்பக்கத்தில் கட்டி இறக்கினார். முதல் கூப்பாட்டுக்கே பதில் வந்தது. துடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "புது லொறிக்குக் கூட கட்டுறோமே தம்பி, இது ஒண்டியா இருட்டுல கெடக்கப் போவுது."

தலைவர் கேட்ட உதவி

அடுத்த மழைக்காலத்தில், காற்று பேயாய் அடித்த ஒரு மத்தியானம், பிள்ளைகளை அக்கரையில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிய கணேசண்ணன் வந்து சேரவில்லை. படகு கவிழ்ந்து கிடைத்தது. சுழியோடிகள் நாள்கணக்கில் முங்கித் தேடிவிட்டுக் கைவிரித்தார்கள். நல்ல மனுஷர்.

அவர் மனைவி பாக்கியம் அக்கா பொட்டை அழிக்க மறுத்துவிட்டார். உடம்பைக் கண்ணால் பார்க்காமல் கருமாதி கிடையாது என்றார். வேலைக்குப் போவதில்லை, ஒரு வாய் சோறு இறங்குவதில்லை, மழையிலும் கரையிலேயே உட்கார்ந்திருந்தார். இப்படியே விட்டால் இவரும் போய்விடுவார் என்று லயத்தில் எல்லோருக்கும் பயம். தோட்டத்துச் சங்கத் தலைவர் என்னைத் தனியே கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்: "அண்ணன் அடியில கெடக்குறது உங்க மெசின்ல தெரியுதுன்னு ஒரு பொய்யச் சொல்லுங்க தம்பி. அந்தப் புள்ள அழுதாவது முடிக்கட்டும்."

பதில் வராத எண்

பொய் சொல்லத்தான் போனேன். வழக்கம்போலக் கருவிகளை, அதனதன் எண்ணை அழுத்தி, ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். ஒவ்வொன்றும் பதில் சொல்ல, கரையில் நான் வைத்திருந்த பெட்டியில் பச்சை விளக்கு எரிந்து அணைந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவரையும் கூப்பிட்டுப் பாரு தம்பி" என்றார். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை. "அக்கா, நாங்க செஞ்சு போட்டது மட்டுந்தான் இதுக்குப் பதில் சொல்லும். மனுசருக்குக் கேக்காது" என்றேன். "கேக்காட்டி பரவால்ல. கூப்பிடு."

எந்தக் கருவிக்கும் கொடுக்காத ஓர் எண்ணை அழுத்தினேன். விளக்கு எரியவில்லை. இன்னொரு தடவை என்றார். அதற்கும் இல்லை. மூன்றாவது தடவையும் அழுத்தினேன். அக்காவும் தண்ணீரைப் பார்த்து, "ஏங்க..." என்று கூப்பிட்டார். விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில் பெண்கள் நிற்பார்களே, அப்படிக் கைகட்டி நின்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பெரட்டுல மூணுவாட்டி கூப்பிட்டும் கொரல் வரலைன்னா, ஆள் வரலைன்னுட்டு மத்தவங்க மலைக்குப் போயிருவாங்க தம்பி. கருமாதிக்கு நாள் பாக்கச் சொல்லு."

தண்ணீருக்கடியில் கிடப்பதையே பேசவைக்கிறவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற நான், பெட்டியை மூடிவிட்டு, நாள் பார்க்கச் சொல்லத் தலைவரிடம் போனேன்.