நூற்றுக்கு அறுபத்து மூன்று

பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய பன்னிரண்டாம் நாள், அவள் பிள்ளைக்குப் புட்டிப்பால் தொடங்கியாயிற்று. பிள்ளைக்கு அப்போது நாலு மாதம். சுகாதாரக் கணக்கெடுப்பு அலுவலகத்தில், வீடு வீடாய் நிரப்பி வரும் படிவங்களைக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. மதியத்துக்குள் மார்பு கல்லாகிவிடும். கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு பீய்ச்சிக் கொட்டிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு இடத்துக்கு வருவாள்.

அந்த வாரம்தான் அந்தப் படிவங்களை வைத்து எழுதிய அறிக்கையின் வரைவு வந்தது. 'நூற்றுக்கு அறுபத்து மூன்று குழந்தைகள் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே குடிக்கின்றன' என்று கொட்டை எழுத்தில். அவளுக்குச் சுருக்கென்றது.

"ஊர்ல எல்லாராலயும் முடியுது. என்னால மட்டும்தான் முடியல," என்றாள் அன்று சாயங்காலம், கணவனிடம்.

புட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவன் திரும்பினான். "அந்தப் படிவத்துல என்னதான் கேக்குறாங்க?"

"நேத்துப் பகலும் ராத்திரியும் பிள்ளைக்கு என்னென்ன குடுத்தீங்கன்னு..." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குப் பொறி தட்டியது. நேற்று ஒரு நாள் மட்டும்தானே? அதில் ஆறு மாதம் எங்கே வந்தது?

மறுநாள் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளின் படிவங்களை வயதுவாரியாகப் பிரித்தாள். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாதவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தாய்ப்பால் மட்டும். மூன்று மாதம் முடிந்தவர்களில் ஆறு. ஐந்து முடிந்தவர்களில் மூன்றே மூன்று. பச்சைமண்ணையும் தவழப் போகிற பிள்ளையையும் ஒரே கூட்டலில் சேர்த்ததில் வந்ததுதான் அந்த அறுபத்து மூன்று. முடியாமல் போனது அவளுக்கு மட்டும் இல்லை.

பட்டியலை அதிகாரியிடம் கொண்டுபோனாள். "சார், இது ஆறு மாசம் தாக்குப்பிடிச்சவங்க கணக்கு இல்ல."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "போன தடவையும் இப்படித்தானேம்மா எழுதினோம்?"

"போன தடவை எனக்குப் பிள்ளை இல்ல சார்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மூன்றாம் மாதத்துக்குக் கீழே விரலை வைத்தார். "இங்கேருந்து ஏன் மடமடன்னு எறங்குது?"

"லீவு முடியறதா இருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது சார். நாமதான் அதைக் கேக்கவே இல்லையே."

"அப்ப கேட்டுடுவோம். நீயே எழுதிக் குடு."

கொட்டை எழுத்து வாக்கியம் போய், மாதவாரிப் பட்டியலோடு அறிக்கை அச்சேறியது. அடுத்த சுற்றுப் படிவத்தில் அவள் எழுதிய கேள்வி பதினேழாவதாக ஏறியது: 'பிள்ளை பிறந்தபின் வெளிவேலைக்குப் போகிறீர்களா? எப்போதிலிருந்து?'

புதுப் படிவங்களின் முதல் கட்டு வந்தபோது, ஒரு படிவத்தின் ஓரத்தில் கணக்கெடுப்புக்காரி கிறுக்கியிருந்தாள்: 'இதைக் கேட்டதும் அம்மாக்கள் நாற்காலி போட்டு உட்காரச் சொல்கிறார்கள். எழுத இன்னும் இடம் விடவும்.'