கதிர் படாத கைகள்

இல்லை, அந்தக் கருவிதான் அவரைக் கொன்றது என்பதற்கு என்னிடம் சான்று இல்லை. ஒரு கையை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்பார் அவர். அது தன் கையாக இருந்தாலும்.

பள்ளியில் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. மருத்துவமனை ஆயா வாசலில் நின்று, "டாக்டரம்மா போயிட்டாங்க" என்றாள். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். ஏன் என்று அவர்களுக்கே தெரியாது.

டாக்டர் செண்பகத்தை உங்களில் பலர் அறிவீர்கள். சென்னையில் படித்துவிட்டு, பிறந்த பினாங்குக்கே திரும்பியவர். எனக்கு அக்கா.

அவர் வேலை பார்த்த தனியார் மருத்துவமனைக்குக் கப்பலில் ஓர் எக்ஸ்ரே கதிர்க் கருவி வந்தது. ஆறாத தோல் புண்ணை ஆற்றும் என்றார்கள். கருவி முனகும். நோயாளி கையை நீட்டுவார். நடுங்கினால் கதிருக்கு அடியிலேயே அக்கா அதைப் பிடித்துக்கொள்வார். அடுத்த வாரம், "எப்படி இருக்கு?" என்று கேட்பார். "பரவாயில்லை டாக்டரம்மா." குணம் தெரிகிறது என்று ஆங்கிலத்தில் எழுதுவார். எல்லோருக்கும் அதே.

ஒரு மாலை நாங்கள் மார்க்கெட் தெருவில் நடந்துகொண்டிருந்தோம். அக்காவிடம் கதிர் வைத்துக்கொள்ள வரும், தொங்கான் படகில் மூட்டை இறக்கும் காளிமுத்து ஒரு கடை ஓரம் உட்கார்ந்திருந்தார். மனைவி சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் விரல்கள் மடங்கவில்லை.

"நேத்துதானே பரவாயில்லைன்னு சொன்னீங்க?" என்றார் அக்கா.

"என் கையைப் பிடிச்சிக்கிட்டு அவ்வளவு சிரமப்படுறீங்க. உங்க முகத்தைப் பார்த்து எப்படி இல்லைன்னு சொல்றது?"

"மரியாதையெல்லாம் டாக்டரம்மாவுக்குத்தான்லா," என்றாள் மனைவி. "ராத்திரி பூரா ஏச்சு வாங்குறது நானு."

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. வெகுதூரம் நடந்த பிறகு, "இத்தனை நாளா மரியாதையைக் குணம்னு எழுதியிருக்கேன்" என்றார்.

அதன்பின் கேள்வியை மாற்றினார். தாதிகளிடமும் சொன்னார்: "எப்படி இருக்குன்னு கேட்காதே. பொத்தான் போட முடியுதான்னு கேள்." புதிதாக வந்தவர்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்தார். பாதிப் பேருக்குக் கதிர். பாதிப் பேருக்குப் பழைய களிம்பு மட்டும். யாருக்கு எது என்று அறியாத ஒரு தாதி கைகளைப் பார்த்து, எது ஆறியது, எது ஆறவில்லை என்று சொன்னாள். முதலில் வேறுபாடு இல்லை. மழைக்காலம் முடிவதற்குள் கதிர் பட்ட கைகளில் சில கறுத்து இறுகின. களிம்புக் கைகள் அப்படி ஆகவில்லை.

அக்கா இதைக் கொண்டுபோனபோது தலைமை மருத்துவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லோருக்கும் குணம் என்று எழுதியது நீங்கள்தானே? அதை நம்பித்தான் இரண்டாவது கருவிக்குச் சொல்லியிருக்கிறோம்."

அப்போதே அக்காவின் விரல் நுனியில் ஒரு புண். பிறகு அந்த விரல் இல்லை. பிறகு அக்குளில் கட்டி. பார்க்கப் போனவர்களிடம் வலியை வலி என்றே சொன்னார். சிலர் மறுமுறை போகவில்லை.

இரண்டாவது கருவி வந்துவிட்டது. தலையில் படை உள்ள பள்ளிப் பிள்ளைகளுக்காம். எங்கள் பள்ளியில்தான் தொடக்கம். தாய்மார்களிடம் தமிழில் பேசிச் சம்மதம் வாங்குவது என் பொறுப்பு என்றார் தலைமையாசிரியை.

கதிர் படாதவர்கள் எப்படி இருக்கிறார்கள்? அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்த ஒரு கேள்வி. பிள்ளைகளின் தலை விஷயத்தில் அதை யாரும் கேட்டுப் பார்க்கவில்லை.

நேற்றுத் தாய்மார்கள் வந்தார்கள். "நல்லதா டீச்சர்?" என்றாள் ஒருத்தி. தெரியாது என்றேன். தெரிந்ததைச் சொன்னேன்: கறுத்த கைகள், கறுக்காத கைகள், அக்காவின் கை. பிள்ளைகளை அவர்களோடு வீட்டுக்கு அனுப்பினேன். பிறகு தலைமையாசிரியையின் அறைக்குப் போய், அனுப்பியது நான்தான் என்று சொன்னேன்.