முள்வேலிக்கு அந்தப் பக்கம்

"கிளீட்டஸ் வரானாமே!"

தீவனக் கடையில் கல்லாவுக்குப் பின்னாலிருந்து வெர்னா சொன்னாள். அவளுக்குச் சொன்னது தூர மேற்கே அல்பர்ட்டாவில் இருக்கும் நாத்தனார். நாத்தனாருக்குச் சொன்னது அங்கே கோயிலில் பக்கத்து பெஞ்சில் உட்காரும் யாரோ.

கோழித் தீவன மூட்டையைத் தோளில் ஏற்றப்போன லொரெட்டா டியர்னி அதை அப்படியே தரையில் போட்டாள்.

"யாருடி சொன்னா?"

"நம்ம ஊர் ஒன்றுகூடலுக்கு வரேன்னு அவன் வாயாலயே சொன்னானாம்."

"என் கூடப்பொறந்தவன். எனக்கு ஒரு வார்த்தை இல்ல, உன் நாத்தனாருக்குச் சேதி போகுது."

"உங்கிட்ட சொன்னா நீ ஸ்கூல் பஸ்ஸை எடுத்துக்கிட்டு அல்பர்ட்டாவுக்கே வந்து நிப்பேன்னு பயந்திருப்பான்."

வந்து நின்றாலும் நிற்பாள். பள்ளி பஸ் ஓட்டியே தலை நரைத்தவள் லொரெட்டா. கில்பிரைட் ஊரில் இன்று மாடு வைத்திருப்பவன், மரலாரி ஓட்டுபவன், ஊர்க் கவுன்சிலில் உட்கார்ந்து கொட்டாவி விடுபவன், எல்லாருமே ஒரு காலத்தில் "வாயை மூடிட்டு உட்காருடா" என்று அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். நிச்சயம் செய்தவன் நிக்கல் சுரங்கத்துக்குப் போய் அங்கேயே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். "ரெண்டு பேருமே தப்பிச்சோம்" என்பாள். பெற்றோர் போன பிறகு பண்ணையில் அவளும் தம்பியும் இருந்தார்கள். பிறகு அவள் மட்டும்.

எல்லாம் அந்த வேலியால்.

அயர்லாந்துப் பஞ்சத்தில் கப்பலேறிக் கனடாவுக்கு வந்த முதல் குடியேறிகளில் பாதிப் பேரை வந்த வருஷமே காய்ச்சல் கொண்டுபோனது. ஓடைக்கரை மேட்டில் எல்லாரையும் ஒன்றாகப் புதைத்தார்கள். பின்னால் அந்த நிலம் கைமாறி எலியட் குடும்பத்துக்குப் போனது. எலியட்கள் ஊருக்கு வெளியே ஆறாம் லைன் என்கிற சாலையில் இருப்பவர்கள். ஊர் கத்தோலிக்க ஊர்; அவர்களுக்குப் புராட்டஸ்டன்ட் கோயில். வெண்டல் எலியட்டின் அப்பா மேட்டைச் சுற்றி முள்வேலி போட்டார். அதிலிருந்து, வருஷா வருஷம் ஒன்றுகூடலில் முன்னோருக்கு ஜெபம் சொல்ல ஊரே சாலையில் நிற்கும். சாமியார் வேலிக்கு மேலாகத் தீர்த்தம் தெளிப்பார். எதிர்க்காற்று அடித்தால் அத்தனையும் சாலையில் நிற்பவர்கள் முகத்திலேயே விழும். "செத்தவங்களைவிட நமக்குத்தான் இது தேவை" என்று சிரித்துக்கொண்டே ஜெபம் நடக்கும்.

கிளீட்டஸுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வருஷம் போய்க் கம்பியை வெட்டிவிட்டான். எலியட்டின் சினைப்பசு சாலைக்கு வந்து லாரியில் அடிபட்டுச் செத்தது. போலீஸ், கோர்ட் என்று இழுத்தது. "எந்த எலியட் முகத்துலயும் இனி முழிக்க மாட்டேன்" என்று மேற்கே போனவன்தான். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். அதில் கையெழுத்துக்கு மேல் ஒரு வரி இருக்காது.

தீவனத்தோடு வீடு திரும்பினால், முற்றத்தில் வெண்டல் எலியட் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தார்.

"வேலியை எடுத்துட்டேங்க."

"எந்த வேலிய?"

"மேட்டு வேலிய. புல்லும் அறுத்தாச்சு. ஞாயித்துக்கிழமை நீங்க உள்ளயே வந்து ஜெபம் பண்ணலாம்."

லொரெட்டா தீவன மூட்டையை இறக்கி வைத்தாள்.

"அப்பா இருந்த வரைக்கும் கைவைக்க முடியல. மார்ச்ல போயிட்டார்," என்றார் வெண்டல். தொப்பி ஒரு சுற்று சுற்றியது. "இன்னொண்ணு. எங்கம்மா வழி ஆளுங்களும் அங்கதான் இருக்காங்க. அயர்லாந்துல ஃபெர்மானாவிலேர்ந்து அதே கப்பல்ல வந்தவங்க. அப்போ இங்க கோயிலே கிடையாதே, எல்லாரையும் ஒண்ணாத்தான் போட்டாங்க. அப்பா கண்ல படாம அம்மா போய் லைலாக் பூ வெச்சிட்டு வருவாங்க. நாங்களும் வந்து நிக்கலாமா?"

ஆறாம் லைன்காரர்களை இங்கிலீஷ்காரர்கள் என்றே சொல்லி வளர்ந்த ஊர் இது. பஸ்ஸில் கூட அந்தப் பிள்ளைகள் இடது பக்கம்தான் உட்காருவார்கள். ஏன் என்று லொரெட்டா ஒரு நாளும் கேட்டதில்லை.

"கிளீட்டஸ் வரார்னு கேள்விப்பட்டேன்," என்றார் வெண்டல். "சங்கடம்னா நாங்க ஒதுங்கிக்கிறோம்."

சரி, இந்த ஒரு வருஷம் மட்டும் ஒதுங்கிக்குங்க என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அவள் கேட்டதெல்லாம் தம்பியை ஒரு தடவை பார்க்கத்தானே. வெண்டலுக்கும் அது தெரியும். தலையாட்டத் தயாராகத்தான் நின்றார். அவர் அப்படித் தயாராக நின்றதுதான் அவளைக் குத்தியது.

"ஒதுங்க வேணாம் வெண்டல். வாங்க. வீட்ல என்ன செஞ்சு எடுத்துட்டு வருவாங்க?"

"ரூபார்ப் பை சுடுவா. புளிப்புத் தண்டும் சீனியும் மாவுக்குள்ள வெச்சு அவ சுட்டா நல்லாருக்கும்."

"வெர்னா சுடற பையைவிட நல்லா இருந்தா அவ காதுல போட்டுடாதீங்க. அப்புறம் எனக்குத் தீவனம் கிடைக்காது."

வெண்டல் சிரித்தார். அந்த மனிதர் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

வண்டி போனதும் லொரெட்டா வெர்னாவைப் போனில் அழைத்து, நாத்தனாரிடம் கேட்டு கிளீட்டஸின் நம்பர் வாங்கித் தரச் சொன்னாள்.

"சொல்லப்போறியா? பைத்தியமா உனக்கு? எலியட் வரான்னு தெரிஞ்சா கெளம்பவே மாட்டான்டி. வரட்டும், வந்தப்புறம் பாத்துக்கலாம்."

"வாசல் வரைக்கும் வந்து பாத்துட்டுத் திரும்பிப் போனான்னா, அதுக்கப்புறம் ஆயுசுக்கும் வரமாட்டான். தெரிஞ்சே வரட்டும்."

நம்பர் வந்தது. வேலி போன சேதியை முதலில் சொல்வதா, எலியட்டை முதலில் சொல்வதா என்று யோசித்தாள். நல்லதைச் சொல்லி நிறுத்தினால் அதோடு போனை வைத்துவிடுவான். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடவேண்டியதுதான். எண்களை அழுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அந்தப் பக்கம் மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. இங்கே இருந்தபோது போலவே மாட்டுக் கொட்டகையில் இருப்பான், ஓடி வர நேரமாகும் என்று அவள் காத்திருந்தாள்.