மூச்சு மட்டும் கேட்ட போன்

சிதம்பரத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்து இருபது வருஷம் ஆகப்போகிறது. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு டிஸ்ப்ளே மாற்றுவதை யாராவது சொல்லித் தருவார்கள். நான் கவிதாவின் கதையைச் சொல்கிறேன்.

ஒரு மத்தியானம் கிள்ளையிலிருந்து வந்தார். சிப்காட்டில் ஒரு கம்பெனி லேபில் இன்டர்வியூ முடித்துவிட்டு, அவர்கள் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தார்.

"அண்ணா, ரெண்டு வாரமா போனே அடிக்கல. எங்கம்மா கூப்ட்டா யாரோ எடுக்கறாங்களாம். பேச மாட்றாங்களாம். மூச்சு விடற சத்தம் மட்டும் கேக்குதாம்."

சிக்னல் கோளாறு மூச்சு விடாது. ஸ்டார் ஹாஷ் இருபத்தொன்று ஹாஷ் அடித்தேன். வருகிற கால் எல்லாம் வேறொரு நம்பருக்கு ஃபார்வேர்டு ஆகியிருந்தது. காட்டினேன். பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார்.

"எங்க வீட்டுக்காரரு நம்பருண்ணா."

ஃபார்வேர்டை ரத்து செய்துவிட்டு, செட்டிங்ஸில் ஆப் லிஸ்டைத் துழாவினேன். ஐகானே இல்லாமல் ஒரு ஆப் ஒளிந்திருந்தது. கேமரா, மைக், லொகேஷன், கால் எல்லாவற்றுக்கும் பெர்மிஷன். ஃபார்வேர்டு போட்டதும் இதுதான். "இதத் தூக்கிடலாம்மா" என்று சொல்லி வாய் மூடவில்லை, என் கடை போன் அடித்தது.

"மாமா, அதத் தொடாதீங்க." குரலில் கோபமே இல்லை. "நீங்க போட்டதுதான, நீங்களே எடுக்கறீங்களா?"

மேஜைமேல் கிடந்த கவிதாவின் போன் வழியாக அவர் வீட்டுக்காரர் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் நினைவு வந்தது. "வைஃப் போன் மாமா, சேஃப்டி ஆப் ஒண்ணு போட்டுக் குடுங்க" என்று இரண்டு வாரம் முன்பு அவர்தான் அதைக் கொண்டுவந்தார். வீட்டுக்காரர் மனைவி போனைக் கொண்டுவந்தால் எங்கள் கடைத்தெருவில் யாரும் கேள்வி கேட்பதில்லை. அவரே லாக்கைத் திறந்தார், அவரே லிங்க் கொடுத்தார். டீ குடித்தபடி போட்டுக் கொடுத்தேன்.

கடை போனில் சத்தம் ஜாஸ்தி. கவிதாவுக்கும் கேட்டுவிட்டது.

"நீங்களாண்ணா?"

தலையாட்டினேன்.

"பரவால்ல, எடுங்க" என்றார். ஆப்பை எடுத்தேன். என் போனிலிருந்து கம்பெனிக்குப் பேசினார்.

"மூணு தடவ கூப்ட்டோம்மா. எடுத்துட்டு யாரும் பேசல. வேற பொண்ணப் போட்டுட்டோம்."

கவிதா அழவில்லை. கிள்ளைக்குத் திரும்பாமல், ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்கு பஸ் ஏறினார்.

போனைக் கொண்டுவருகிறவரெல்லாம் அந்தப் போனுக்குச் சொந்தக்காரர் இல்லை. சொந்தக்காரர் எதிரில் உட்கார்ந்து சம்மதம் சொல்லாமல் எந்த ஆப்பும் போடாதீர்கள். கஸ்டமர் கோபித்துக்கொண்டு போனால் போகட்டும். "இது அவுங்களுக்குத் தெரியுமா?" என்று அன்றைக்கு நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த வேலை கவிதாவுக்குக் கிடைத்திருக்கும்.